1974இல் கட்டிய 27 அடிப் பாய்மரப் படகு, விலை 6,500 டாலர். வாங்கினால் வருடத்துக்கு உண்மையில் எவ்வளவு போகும்?

ஏரிக்கரையான்:

எல்லோருக்கும் வணக்கம். நான் கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில் இருக்கிறேன். சில கோடைகளாகப் பிளஃபர்ஸ் பார்க் என்ற ஏரிக்கரைப் பூங்காவில் ஒரு நண்பரின் படகில் புதன்கிழமை மாலைப் போட்டிகளுக்கு ஆளாகப் போய்க்கொண்டிருக்கிறேன். கயிறு பிடிப்பது, பாய் மாற்றுவது, காற்று ஏறும்போது பாயைச் சுருக்குவது எல்லாம் ஓரளவு கைவந்துவிட்டது. இப்போது குடும்பத்தோடு போகச் சொந்தமாக ஒன்று வேண்டும் என்று தோன்றிவிட்டது, அந்த எண்ணம் விடவே மாட்டேன் என்கிறது.

சி அண்ட் சி 27 என்ற பாய்மரப் படகு ஒன்று விற்பனைக்கு வந்திருக்கிறது. 1974இல் கட்டியது, 6,500 டாலர் கேட்கிறார். விற்பவர் வயதானவர், நீண்ட காலம் வைத்திருந்தவர், முதுகு வலியால் விடுகிறார், பேச்சில் நேர்மை தெரிகிறது. படகு இப்போது கரையில் தார்ப்பாய்க்குள் இருக்கிறது. எஞ்சின் பழைய அட்டாமிக் 4, பெட்ரோலில் ஓடுவது. பெரிய பாய் பழையது, இன்னும் சில வருடம் ஓடும் என்கிறார். முன்பாய் அதைவிடப் புதியது. தார்ப்பாய்க்குள் குனிந்து நடந்து பார்த்தேன். இடது பக்கம், பாய்மரத்தைத் தாங்கும் கம்பி தளத்துக்குள் இறங்குகிற இடத்தில் கால் வைத்தால் லேசாக அமுங்குகிறது. "அந்தக் காலத்துப் படகு எல்லாமே அப்படித்தான்" என்றார்.

வருடப் பராமரிப்புக்குப் படகு விலையில் 10 சதவீதம் ஒதுக்கினால் போதும் என்று பல இடங்களில் படித்தேன். அப்படிப் பார்த்தால் 650 டாலர். அதை நம்ப முடியவில்லை. எங்களால் வருடத்துக்கு 5,000 டாலர் வரை சிரமமில்லாமல் ஒதுக்க முடியும், அதற்கு மேல் போனால் பிள்ளைகளின் செலவில் கைவைக்க வேண்டியிருக்கும். மனைவி கேட்பது நேரடியான கேள்வி: முதல் வருடம் எவ்வளவு, அதற்கப்புறம் வருடா வருடம் எவ்வளவு, எதிர்பாராமல் ஒன்று உடைந்தால் அதிகபட்சம் எவ்வளவு? அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் விரிவாகவே சொல்லுங்கள்.

நீர்மட்டம்:

அந்த 10 சதவீதக் கணக்கைத் தூக்கிப் போடுங்கள். அது புதிய படகுக்கு ஓரளவு பொருந்தலாம், ஐம்பது வயதான படகுக்குப் பொருந்தவே பொருந்தாது. படகுத்துறைக்காரர் நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்று கேட்பதில்லை, எத்தனை அடி நீளம் என்றுதான் கேட்பார். கிரேன்காரரும் அப்படித்தான், பாய் தைப்பவரும் அப்படித்தான். 27 அடிப் படகை 6,500க்கு வாங்கினாலும் 60,000க்கு வாங்கினாலும் கட்டி வைக்கும் செலவு ஒன்றே. இதை மனதில் வைத்துக்கொண்டு மேற்கொண்டு படியுங்கள்.

நானும் ஒன்ராறியோ ஏரியில் 27 அடிதான் வைத்திருக்கிறேன், வேறு கம்பெனிப் படகு. முன்பு தனியார் மெரீனாவில், அதாவது வாடகைக்குப் படகு கட்ட இடம் தருகிற துறையில் இருந்தேன், இப்போது படகு கிளப்பில். மெரீனாவில் கோடைக்கு டாக் வாடகையே அடிக்கு 100 டாலரைச் சுற்றி வந்துவிடும், அதாவது 2,700. அதன்பின் அக்டோபரில் கிரேன் வைத்துத் தூக்குவது, பாய்மரத்தை இறக்குவது, குளிர்காலம் முழுக்கக் கரையில் நிறுத்துவது, ஏப்ரல் கடைசியிலோ மேயிலோ திரும்ப இறக்கிப் பாய்மரம் நடுவது, எல்லாம் தனித்தனி பில். அந்த வகையில் இன்னொரு 2,000 போகும். நம் ஊரில் இருப்பது மாதிரி வருடம் முழுக்கத் தண்ணீரில் விட்டுவைக்க முடியாது, துறைக்குள் பனி உறைந்து படகின் உடலை நெருக்கும். ஆக, படகை ஒரு நாள்கூட ஓட்டாமல், ஒரு திருகாணிகூட மாற்றாமல், 5,000க்குப் பக்கத்தில் வந்துவிட்டீர்கள்.

கிளப் என்றால் கதை வேறு. உறுப்பினர்களே சேர்ந்து வேலை செய்கிற கிளப்களில் இதே எல்லாம் சேர்த்து 2,500க்கும் 3,500க்கும் இடையில் முடிக்கலாம். சேரும்போது ஒரு தொகை கேட்பார்கள், அது ஒரு தடவைதான். பதிலுக்கு வருடத்துக்கு இத்தனை மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்று இருக்கும்: டாக் பழுது பார்ப்பது, படகு தூக்கும் நாளில் கயிறு பிடிப்பது, இரவுக் காவல். செய்யாவிட்டால் அந்த மணிகளுக்குப் பணம் கட்ட வேண்டும். பிளஃபர்ஸ் பார்க்கிலேயே நான்கு கிளப்கள் இருக்கின்றன, நான்கிலும் கேட்டுப் பாருங்கள். காத்திருப்போர் பட்டியல் இருக்கலாம், அதனால் படகுக்கு முன்னால் இடத்தை உறுதி செய்யுங்கள். இடமில்லாத படகை வைத்துக்கொண்டு மே மாதம் அலைகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

இதற்கு மேல் காப்பீடு, சிறிய படகுக்கு 400 முதல் 600 டாலர். கிளப்பும் மெரீனாவும் மூன்றாம் தரப்புக் காப்பீடு இல்லாமல் உள்ளே விடாது. இவ்வளவு பழைய படகு என்றால் காப்பீட்டுக்காரர் சர்வே அறிக்கை, அதாவது நிபுணர் ஒருவர் படகைப் பரிசோதித்து எழுதும் அறிக்கை கேட்பார், சில வருடத்துக்கு ஒரு முறை திரும்பவும் கேட்பார். சர்வேக்கு அடிக்கு 20 முதல் 30 டாலர் வாங்குவார்கள்.

அப்புறம் ஒவ்வொரு வசந்தத்திலும் வரும் சில்லறை. அடிப்பகுதிக்குச் செம்பு கலந்த பூச்சு, அது இல்லாவிட்டால் பாசியும் ஸீப்ரா சிப்பியும் ஒட்டிக்கொண்டு படகு நகராது. எஞ்சின் ஆயில், ஃபில்டர், தண்ணீர் பம்ப்பின் ரப்பர் இம்பெல்லர், அரிப்புத் தடுப்புக் கட்டி. நன்னீரில் இந்தக் கட்டி மக்னீசியத்தில் இருக்க வேண்டும். கடலுக்கான துத்தநாகக் கட்டியை இங்கே மாட்டினால் மேலே ஒரு படலம் பிடித்து வேலை செய்வதையே நிறுத்திவிடும். இலையுதிர் காலத்தில் தண்ணீர் உறையாமல் காக்கும் இளஞ்சிவப்பு ஆன்டிஃப்ரீஸ் சில கேன்கள். எல்லாம் சேர்த்து 400, 500 என்று வையுங்கள். கழிவுத் தொட்டியைத் துறையில் உறிஞ்சி எடுக்கிற காசும் உண்டு. ஏரியில் திறந்துவிடுவது சட்டப்படி குற்றம், செய்யவும் கூடாது.

மனைவியின் கேள்விக்குப் பதில்: கிளப்பில் இடம் கிடைத்தால் நிலையான செலவு 3,500 முதல் 4,500 வரை. அதற்கு வெளியே வருடம் 1,500 டாலரைத் தொடாமல் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். அது இந்த வருடம் செலவாகாது, அடுத்த வருடமும் ஆகாமல் போகலாம். மூன்றாம் வருடம் பெரிய பாய் கிழியும், எல்லாம் ஒரே நாளில் போகும். டேக்ரான் துணியில் தைத்த புதிய பெரிய பாய் இந்த அளவுப் படகுக்கு 2,500 முதல் 3,500 வரை ஆகும். பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகள் மொத்தமும் மாற்றினால் 3,000க்குக் கீழே வராது, ஆள் வைத்துச் செய்தால் கூடும். கிளப் கிடைக்காமல் மெரீனாவுக்குப் போனால் உங்கள் 5,000 பத்தாது. இதை வீட்டில் இப்போதே சொல்லிவிடுங்கள்.

வல்வைக்காற்று:

தம்பி, நீர்மட்டம் எழுதியது எல்லாம் சரி, ஆனால் அது நல்ல நிலையில் உள்ள படகின் கணக்கு. நீங்கள் "லேசாக அமுங்குகிறது" என்று ஒரு வரியில் எழுதிவிட்டுப் போன விஷயம்தான் இந்தப் படகின் உண்மையான விலை. அதைப் பற்றி மட்டும் விளக்கமாக எழுதுகிறேன், பொறுமையாக வாசியுங்கள்.

சி அண்ட் சி என்பது 1969இல் ஒன்ராறியோவில் சில படகுக் கட்டுமானக்காரரும் வடிவமைப்பாளரும் ஒன்று சேர்ந்து தொடங்கிய கம்பெனி. 27 அடிப் படகு 1970இல் வந்தது. நல்ல வடிவம், காற்றுக்கு எதிரே நன்றாக ஏறும், இன்றைக்கும் ரொறன்ரோவில் போட்டிக்கு வருகிறது. அந்தக் காலத்தில் கனம் குறைய வேண்டும் என்று தளத்தை மேலே ஒரு ஃபைபர்கிளாஸ் தோல், கீழே ஒரு தோல், நடுவில் பால்சா மரத் துண்டுகள் என்று கட்டினார்கள். கட்டிய முறையில் பிழை இல்லை, உலர்ந்து இருக்கும்வரை அது கல் மாதிரி உறுதி. சிக்கல் எங்கே என்றால், தளத்தில் போட்ட ஒவ்வொரு துளையிலும். கம்பி இறங்கும் இடம், கைப்பிடிக் கம்பியின் அடி, முன்பாய்க் கயிறு ஓடும் தடம், கொக்கிகள். அந்தத் துளைகளில் வைத்த பசை பத்து, பதினைந்து வருடத்தில் காய்ந்து வெடிக்கும், திரும்பப் பிரித்து வைக்க வேண்டும். ஐம்பது வருடத்தில் எத்தனை உரிமையாளர்கள் அதைச் செய்திருப்பார்கள்? தண்ணீர் சொட்டுச் சொட்டாக உள்ளே போய்ப் பால்சாவை ஊறவைக்கும். இங்கே அத்துடன் முடியாது. குளிரில் அந்தத் தண்ணீர் உறைந்து விரியும், மரத்துக்கும் தோலுக்கும் இடையே உள்ள பிடிப்பை உரித்துவிடும், வசந்தத்தில் உருகி இன்னும் கொஞ்சத் தூரம் ஊடுருவும். வருடா வருடம் இது நடக்கும். வெளியில் இருந்து பார்த்தால் வெள்ளையாகப் பளபளவென்று இருக்கும், உள்ளே களி.

எங்கள் ஊர் வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி 1938இல் பாய்விரித்து அமெரிக்காவின் குளோஸ்டர் வரை போனது. மரக்கலம். மரத்தில் பலகை இத்துப்போனால் கண்ணுக்குத் தெரியும், இடுக்கை அடைக்கும் கலப்பத்து விட்டுப்போனால் தண்ணீர் வந்து சொல்லும். ஃபைபர்கிளாஸ் அப்படிச் சொல்லாது. அதனால் தேடிப் பார்க்க வேண்டும்.

எப்படிப் பார்ப்பது? ஒரு சிறிய பிளாஸ்டிக் சுத்தியல், அல்லது திருப்புளியின் பிடி. தளம் முழுக்க ஒரு சாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இடத்தில் கணீரென்று கேட்கும், போன இடத்தில் தொப்பென்று மங்கிக் கேட்கும். மங்கிய இடத்தைச் சுற்றிச் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள். முடிந்ததும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கோட்டுக்குள் இருப்பது உள்ளங்கை அளவு என்றால் பயப்பட ஒன்றும் இல்லை. படகின் பக்கவாட்டில் நடக்கும் தளம் முழுவதும் கோட்டுக்குள் வந்தால் விலை இலவசம் என்றாலும் யோசிக்க வேண்டும்.

பழுது பார்ப்பது நீங்களே செய்யக்கூடிய வேலைதான். மேல் தோலை வெட்டி எடுத்து, அழுகியதைச் சுரண்டி, ஓரம் நன்றாகக் காயும்வரை விட்டு, புதுப் பால்சா வைத்து எபாக்ஸிப் பசையில் பதித்து, தோலைத் திரும்ப ஒட்டி, ஓரத்தைச் சரிவாகத் தேய்த்து ஃபைபர்கிளாஸ் துணி போட்டு மூடி, தேய்த்து, வர்ணம் பூச வேண்டும். ஒரு சதுர மீட்டர் இடத்துக்குப் பொருட்செலவு சில நூறு டொலர். படகு பழுதுபார்க்கும் யார்டில் கொடுத்தால் மணிக்கு 100 டொலருக்கு மேல், அந்த வேலை எத்தனை மணி இழுக்கும் என்று அவர்களாலேயே சொல்ல முடியாது, படகு வாங்கிய காசைத் தாண்டிப் போகும். இன்னொன்று, எபாக்ஸி குளிரில் இறுகாது. இங்கே ஏப்ரல் பாதிக்கு முன் வெளியில் இந்த வேலை தொடங்க முடியாது, தொடங்கினால் ஜூன் வரை இழுக்கும், அதாவது கோடையில் பாதி கரையில் போகும். இதையும் செலவில் சேருங்கள்.

துளைகளைத் திரும்ப அடைக்கும்போது வெறும் பசை போடாமல், துளையைப் பெரிதாக்கி, சுற்றியுள்ள பால்சாவைச் சுரண்டி, கெட்டியான எபாக்ஸி ஊற்றி, இறுகியபின் நடுவில் புதிதாகத் துளை போடுங்கள். அப்புறம் பசை விட்டாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது. மேலே தண்ணீர் புகாத பியூட்டைல் டேப் வைத்து இறுக்குங்கள். சிலிக்கோன் வேண்டாம், அதன் எண்ணெய் படிந்த இடத்தில் பிறகு எதுவும் ஒட்டாது.

கம்பி இறங்குகிற இடம் அமுங்குகிறது என்றால் உள்ளே போய் அந்தக் கம்பியின் தகடு எதில் போல்ட் செய்யப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். தடுப்புப் பலகையில் என்றால் அந்தப் பலகையின் மேல் ஓரத்தைத் திருப்புளியால் குத்திப் பாருங்கள். கறுத்திருந்து, திருப்புளி உள்ளே இறங்கினால் இது தளப் பிரச்சினை மட்டும் இல்லை, பாய்மரமே நிற்காது.

தெற்குக்காற்று:

தளத்தைப் பற்றி வல்வைக்காற்று அண்ணா சொன்னதற்கு மேல் சேர்க்க எதுவும் இல்லை. நான் கீலும் (படகு கவிழாமல் இருக்க அடியில் தொங்கும் கனமான பகுதி) எஞ்சினும் எழுதுகிறேன். நானும் கணவரும் எங்கள் படகின் எஞ்சின் வேலையை நாங்களேதான் பார்த்துக்கொள்கிறோம்.

முதலில் கீல். இந்தப் படகில் அது ஈயம், கீழிருந்து போல்ட்களால் உடலோடு பிணைத்திருக்கும். கரையில் இருக்கும்போது முன்பக்கம் குனிந்து, கீலும் உடலும் சேர்கிற கோட்டைப் பாருங்கள். முன் ஓரத்தில் வாய் திறந்தது மாதிரி ஒரு வெடிப்பு இருக்கலாம். சி அண்ட் சி படகுகளில் இது சகஜம், "சி அண்ட் சி ஸ்மைல்" என்றே பெயர். பெரும்பாலும் போல்ட்டை அளவாக முறுக்கி, கோட்டைச் சுத்தம் செய்து அடைத்தால் முடிந்துவிடும். ஆனால் அங்கிருந்து துரு நீர் வழிந்திருந்தாலோ, உள்ளே அடித்தளத்தில் போல்ட் தலையைச் சுற்றி வெடிப்பு இருந்தாலோ, அதைச் சர்வேயர் பார்த்துச் சொல்லும்வரை கையெழுத்துப் போடாதீர்கள்.

எஞ்சின். அட்டாமிக் 4 என்றதும் பலர் உடனே டீசலுக்கு மாற்று என்பார்கள், நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். 1940களின் கடைசியில் தொடங்கி 1980களின் பாதி வரை சுமார் 40,000 எஞ்சின் செய்திருக்கிறார்கள். உதிரிபாகம் இன்றும் கிடைக்கிறது, மோயர் மரீன் என்ற கம்பெனி இதற்கென்றே இருக்கிறது. அமைப்பு எளிது, கையேட்டை வைத்துக்கொண்டு பழகலாம், ஓடும்போது சத்தமும் குறைவு. புதிய டீசல் எஞ்சின் போட்டால் வேலையோடு சேர்த்து 12,000, 15,000 டாலர் ஆகும். 6,500 டாலர் படகில் அந்தப் பணம் திரும்ப வராது.

ஆனால் பெட்ரோல் பெட்ரோல்தான். அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடியில் போய்த் தங்கும், ஒரு பொறி போதும். எஞ்சின் அறையின் காற்று வெளியேற்றும் விசிறியைக் குறைந்தது 4 நிமிடம் ஓட்டிய பிறகே ஸ்டார்ட் செய்ய வேண்டும், கனடாவில் அது சட்டமும்கூட. ஒவ்வொரு தடவையும், டாக்கில் இருந்து பத்தடி நகர்த்துவதற்கானாலும். பெட்ரோல் குழாய்கள் எந்த வருடத்தவை என்று குழாயிலேயே அச்சிட்டிருக்கும், பார்த்து, பழையதென்றால் முதல் வாரமே மாற்றுங்கள். பிள்ளைகளோடு போகிற படகு, இதில் பணம் மிச்சம் பிடிக்கக் கூடாது.

வாங்குவதற்கு முன் நாலு சிலிண்டரிலும் அழுத்தம் அளந்து பார்க்கச் சொல்லுங்கள், நாலும் ஏறத்தாழ ஒரே அளவில் இருக்க வேண்டும். இந்த எஞ்சின்களில் பல ஏரித் தண்ணீரை நேராக உள்ளே இழுத்துக் குளிர்கின்றன. அப்படியென்றால் இலையுதிர் காலத்தில் தண்ணீரை முழுக்க வடித்து ஆன்டிஃப்ரீஸ் ஓட்டியிருக்க வேண்டும், இல்லையென்றால் உறைந்து இரும்பு வெடித்திருக்கும். போன அக்டோபரில் யார் செய்தார், எப்படிச் செய்தார் என்று கேளுங்கள். நன்றாகப் பார்த்துக்கொண்டவர் தடுமாறாமல் சொல்லிவிடுவார். வயதானவர், முதுகு வலி என்கிறீர்கள், கடைசி இரண்டு மூன்று வருடம் இந்த வேலைகள் நடந்ததா என்பதே எனக்குக் கவலை. பேட்டரியையும் பாருங்கள், சார்ஜ் இறங்கிய பேட்டரி குளிரில் உறைந்து வெடிக்கும், முழுச் சார்ஜில் இருப்பது தாங்கும்.

ஒரு நல்ல செய்தியும் சொல்லிவிடுகிறேன். நம்முடையது நன்னீர், அதுவும் வருடத்தில் பாதிக்குத்தான் தண்ணீரில் இருக்கும். கடற்கரைப் படகில் பத்துப் பதினைந்து வருடத்தில் மாற்றுகிற தாங்கு கம்பி இங்கே அதைவிடப் பல வருடம் கூடத் தாங்கும். அடிப்பகுதி வால்வுகளும் உப்பு தின்னாமல் இருக்கும், ஆனால் ஒவ்வொன்றையும் கையால் திருப்பிப் பாருங்கள், இறுகிப்போனது அவசரத்தில் மூடாது.

பாயைப் பற்றி: புதியதே வாங்க வேண்டும் என்று இல்லை. இந்த வகைப் படகு இங்கே நிறைய இருப்பதால் போட்டிக்காரர்கள் இரண்டு மூன்று சீசன் ஓட்டிவிட்டு விற்கும் பாய் அளவாகக் கிடைக்கும். குடும்பத்தோடு போக அது தாராளம்.

ஏரிக்கரையான்:

எல்லோருக்கும் மிக்க நன்றி, இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சுத்தியலோடு போனேன். இடது பக்கம் மங்கிய இடம் ஏறத்தாழ ஒரு செய்தித்தாளை விரித்த அளவு. வலது பக்கம் கம்பியைச் சுற்றிக் கையகலம். முன்தளம் முழுக்கக் கணீரென்று கேட்டது. உள்ளே தடுப்புப் பலகையில் திருப்புளி இறங்கவில்லை, மேல் ஓரம் கொஞ்சம் நிறம் மாறியிருக்கிறது, அவ்வளவுதான். கீலின் முன் ஓரத்தில் மயிரிழை வெடிப்பு உண்டு, துரு இல்லை. எஞ்சினைப் போன அக்டோபரில் கிளப் மெக்கானிக் குளிருக்குத் தயார் செய்ததாகச் சொல்லி ரசீதும் காட்டினார்.

இரண்டு சந்தேகம். ஒன்று, இந்த வார இறுதிக்குள் சர்வே இல்லாமல் முடித்தால் 5,000க்குத் தருகிறேன் என்கிறார், இன்னொருவரும் பார்த்துவிட்டுப் போயிருக்கிறாராம். இன்னும் மார்ச்தான், வெளியே உறைபனி. இரண்டு, அலுவலக நண்பர் ஒருவர் பாதிப் பங்கு போடுகிறேன் என்கிறார். பங்கு போட்டால் செலவு பாதி ஆகுமே என்று தோன்றுகிறது.

நீர்மட்டம்:

சர்வே இல்லாமல் வாங்காதீர்கள். 700 டாலர் சர்வேயை விட்டுவிட்டு 1,500 மிச்சம் என்று தோன்றும், ஆனால் அந்த அறிக்கை இல்லாமல் காப்பீடு கிடைக்காது, காப்பீடு இல்லாமல் துறையில் இடம் கிடைக்காது, எப்படியும் அந்த 700ஐக் கட்டத்தான் போகிறீர்கள். விற்பவரிடம் இன்னும் பேரம் பேச முடிகிற நேரத்திலேயே கட்டுங்கள்.

இப்போதே சர்வேயரைக் கூப்பிடவும் வேண்டாம். ஈரம் அளக்கும் கருவி உறைந்த தளத்தில் பொய் சொல்லும், பனிக்கட்டியாக இருக்கிற தண்ணீரை அது உலர்ந்ததாகவே காட்டும். நாலைந்து நாள் நன்றாகப் பனி இளகி, தளம் சூடேறிய பிறகு அளக்க வேண்டும், அதாவது ஏப்ரல். அதுவரை சின்ன முன்பணம் கொடுத்து, எழுத்தில் நிபந்தனை போடுங்கள்: சர்வே திருப்தியாக இருந்தால் மட்டுமே வாங்குவேன், படகு தண்ணீரில் இறங்கி எஞ்சின் ஓடிக் காட்டும்வரை ஒரு பகுதிப் பணம் நிற்கும். நேர்மையானவர் என்றால் இதற்குச் சம்மதிப்பார். இந்த வயதுப் படகுகள் இந்த ஏரியில் ஒவ்வொரு வசந்தத்திலும் விற்பனைக்கு வருகின்றன, கைவிட்டுப் போனால் போகட்டும்.

செய்தித்தாள் அளவு என்றால் நீங்களே பழுது பார்க்கலாம். அதை வைத்து விலையைக் குறைக்கக் கேளுங்கள், 4,500 நியாயமான தொகை என்று எனக்குப் படுகிறது.

வல்வைக்காற்று:

தட்டிப் பார்த்த விதம் நன்று. இடது பக்கத்தை இந்த வசந்தத்தில் செய்யுங்கள், வலது பக்கத்தை இலையுதிர் காலத்தில் படகு மேலே வந்ததும் செய்யலாம், ஆனால் வலது பக்கத் துளையை இப்போதே அடைத்துவிடுங்கள், இன்னொரு கோடை மழை உள்ளே போக விடக்கூடாது.

பங்கு போடுவது பற்றி: காசு பாதியாகும், வேலை பாதியாவது ஆளைப் பொறுத்தது. ஏப்ரலில் குளிரில் படகுக்கு அடியில் படுத்து அடிப்பூச்சைத் தேய்க்கிற சனிக்கிழமைகளுக்கு அவர் வருவாரா என்று கேளுங்கள். வருவார் என்றால் நல்ல துணை. எதுவானாலும் எழுதி வையுங்கள்: யார் எந்த வார இறுதி, எவ்வளவு தொகைக்கு மேல் இருவரும் சம்மதிக்க வேண்டும், ஒருவர் விலகினால் பங்கை என்ன விலைக்கு எடுப்பது, படகு இனி ஓடாது என்றால் அதை அகற்றும் செலவு யாருடையது. கடைசியானதை யாரும் எழுதுவதில்லை. பழைய ஃபைபர்கிளாஸ் படகைச் சும்மா கொடுத்தாலும் யாரும் வாங்க மாட்டார்கள், வெட்டி, ஏற்றி, குப்பை நிலத்துக்கு எடை போட்டுக் கொடுக்க ஆயிரக்கணக்கில் ஆகும். கீலின் ஈயத்தை விற்றால் ஒரு பங்கு திரும்பும். கிளப் முற்றங்களில் இப்படிக் கைவிட்ட படகுகள் நிற்பதைப் பார்க்க மனம் கனக்கும், ஒரு காலத்தில் நன்றாக ஓடியவை எல்லாம்.

தெற்குக்காற்று:

பாதுகாப்புச் சாமான் பட்டியலையும் விலைக்குள் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆபத்தில் உதவி கேட்டுக் காட்டும் கைத்தீப்பந்தங்கள் செய்த தேதியில் இருந்து 4 வருடம்தான் செல்லும், பழைய படகில் இருப்பவை பெரும்பாலும் காலாவதி ஆகியிருக்கும். உயிர்காப்பு அங்கி பிள்ளைகளின் எடைக்கு ஏற்றதாகப் புதிதாக வாங்குங்கள், படகோடு வரும் பழையதை நம்ப வேண்டாம். தீயணைப்பான், எறிகயிறு, தண்ணீரில் விழுந்தவர் ஏற ஏணி, இதெல்லாம் சேர்த்து முதல் வருடம் 500 டாலர் ஒதுக்குங்கள். உங்களிடம் படகு ஓட்டும் அட்டை இல்லை என்றால் அதையும் எடுத்துவிடுங்கள், எஞ்சின் இருப்பதால் பாய்மரப் படகுக்கும் அது வேண்டும்.

இன்னும் ஒன்று விட்டுப்போகப் பார்த்தது: படகு இப்போது நிற்கிற இரும்புத் தாங்கி விலைக்குள் அடக்கமா என்று கேட்டீர்களா? சில இடங்களில் அது கிளப்புக்குச் சொந்தம், சிலர் தனியாக விற்பார்கள். புதிதாகச் செய்யக் கொடுத்தால் 2,000க்கு மேல் போகும், பல கிளப்கள் தாங்கி இல்லாத படகைக் குளிர்காலத்துக்குச் சேர்க்காது. ஒப்பந்தத்தில் தாங்கியும், பாய்மரத்தைக் கிடத்தும் தாங்குகளும், குளிர்காலத் தார்ப்பாயும் அடக்கம் என்று பெயர் சொல்லி எழுதி வாங்குங்கள்.

ஏரிக்கரையான்:

கேட்கவில்லை, இன்று மாலையே கேட்கிறேன். மனைவியோடு உட்கார்ந்து கணக்குப் போட்டோம்: படகுக்கு 4,500, முதல் வருடத்துக்குச் சர்வே, தளப் பொருட்கள், பெட்ரோல் குழாய், பாதுகாப்புச் சாமான், கிளப் சேர்க்கைத் தொகை எல்லாம் சேர்த்துத் தனியாக 8,000, அதன்பின் வருடம் 5,000, கிளப்பில் இடம் உறுதியானால் மட்டும். பங்குக்கார நண்பரிடம் ஏப்ரல் சனிக்கிழமைகளைப் பற்றிக் கேட்டேன், யோசித்துச் சொல்கிறேன் என்றார், அதனால் இப்போதைக்குத் தனியாகவே போடுகிறோம். சர்வேயர் ஏப்ரல் மூன்றாம் வாரம் தேதி கொடுத்திருக்கிறார். அறிக்கை வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.